தேதி முடிந்த காகிதம் கைகொடுக்குமா?

தொழிலாளத் தோழர்களே! சக கிராணிமார்களே!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பெரியோர் வாக்கு. தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, பல ஆண்டுகளாக ஏட்டுச் சுரைக்காயை அடுக்கி வைக்கும் வேலையைத்தான் நாம் செய்து வந்திருக்கிறோம் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. காண்ட்ராக்டர்கள் கொண்டுவந்து கொடுக்கும் காப்புறுதிச் சான்றிதழ்களைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.

“இது ஆபீசு விஷயமாயிற்றே, பால் வெட்டுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். இன்று நம் தோட்டங்களில் காண்ட்ராக்டு இல்லாத வேலை எது? மருந்து அடிப்பது காண்ட்ராக்டு. பழைய மரம் சாய்ப்பது காண்ட்ராக்டு. மறுநடவுக்குக் குழி வெட்டுவது, லயத்துக் கூரை மாற்றுவது, பால் ஏற்றும் லாரி, ஆள் ஏற்றும் லாரி, பல இடங்களில் பால் வெட்டுங்கூடக் காண்ட்ராக்டுதான். அந்த வேலைகளில் நிற்பவர்கள் யார்? ஓய்வு பெற்ற நம் தொழிலாளரின் பிள்ளைகள். கடல் கடந்து வந்த இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்கள். அவர்கள் கை கால் முறிந்தால் கஞ்சி ஊற்றப்போவது அந்தக் காகிதந்தான். அந்தக் காகிதத்தில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியை யார் பார்க்கிறார்கள்? இதுவே நம் கேள்வி.

நம் கையாலேயே நடந்த பிழை

பிறர் குற்றம் சொல்லுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுவோம்.

2023-ஆம் ஆண்டின் கடைசியில், மழை பிடித்துக்கொண்ட மாதங்களில், நாம் வேலை செய்யும் தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு காண்ட்ராக்டர். முந்திய ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது அவர் ஒரு குறையும் இல்லாமல் காகிதங்களைக் கொடுத்திருந்தார். 12 மாதக் காப்புறுதிச் சான்றிதழ் ஒன்று. சொக்சோ சந்தா கட்டிய ரசீதும் 11 பேர் கொண்ட பெயர்ப் பட்டியலும் ஒன்று. நாம் அவற்றை வாங்கினோம். துளை போட்டோம். பைலில் கோத்தோம். “எல்லாம் சரி” என்று பெரிய கிராணியிடம் சொன்னோம். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மழையாலும் இயந்திரக் கோளாறாலும் வேலை நீண்டது. எட்டு மாத வேலை ஓராண்டைத் தாண்டியது. ஆட்கள் போனார்கள், புது ஆட்கள் வந்தார்கள். பைல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு நாள் காலை, சாய்ந்த மரத்தின் கிளை ஒன்று திரும்பி, ஓர் இளைஞரின் காலின்மேல் விழுந்து எலும்பை முறித்துவிட்டது. அவர் நம் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மையாரின் மகன்.

பைலை எடுத்தோம். காப்புறுதி முடிந்து 19 நாள் ஆகியிருந்தது. சொக்சோ பட்டியலில் 11 பேர் இருந்தார்கள். அந்த இளைஞர் பெயர் இல்லை. அவர் பிறகு வந்து சேர்ந்தவர். பிந்திய மாதங்களின் பட்டியலை நாம் கேட்கவே இல்லை. “அவர் நம் ஆள் அல்ல” என்றது நிர்வாகம். “நேற்று வந்த தினக்கூலி” என்றார் காண்ட்ராக்டர்.

மறுநாள் அந்த அம்மையார் ஆபீசு வாசலுக்கு வந்தார். நாம் கைக்குழந்தையாக ஆயாக் கொட்டகையில் கிடந்த காலத்தில், நம் தாயாருக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர் அவர். சத்தம் போடவில்லை. “ஏன் தம்பி, காயிதமெல்லாம் சரியா இருக்குன்னு நீதானே சொன்னே? நீ சொன்னேன்னுதானே அவன அந்த வேலைக்குப் போகச் சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார்.

தோழர்களே, அதற்கு நம்மிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நம் சங்கக் கிளைச் செயலாளர் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போனார். மனுக் கொடுத்தார், கூலி கொடுத்ததற்குச் சாட்சிகளைக் கொண்டுபோனார், விசாரணை நடந்தது. முடிவில் தற்காலிக ஊனப் பலன் வந்தது. வருவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் கடைக்காரரிடம் கடன். கூத்துப் பணத்தை முன்னதாகவே எடுத்து வீட்டுச் செலவு. தேதி முடிந்துபோன காப்புறுதியிலிருந்து ஒரு காசும் வரவில்லை. அவர் இன்று நடக்கிறார். ஆனால் சற்றுச் சாய்ந்து நடக்கிறார்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

காண்ட்ராக்டு முறை நேற்று வந்ததல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்திலேயே, வாங்கிய பலர் நேரடியாக ஆள் வைத்துக்கொள்ளாமல் காண்ட்ராக்டர் வழியாக வேலை வாங்கத் தொடங்கினார்கள். ஆளை நேரில் வைத்தால் பொறுப்பு. இடையில் ஒருவரை வைத்தால் பொறுப்பு அவர் தலையில். கணக்கு அவ்வளவுதான்.

சட்டம் இந்தக் கணக்கை அறியாததல்ல. 1952-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துக்குப் பின், 1969-இல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாம் சொக்சோ என்றும், இப்போது பெர்கேசோ என்றும் சொல்லுவது அதன் கீழ் அமைந்ததே. அந்தச் சட்டம் முதலாளியை இரண்டாகப் பிரித்துப் பெயரிடுகிறது. ஒருவர் முதன்மை முதலாளி. மற்றவர் நேரடி முதலாளி. தோட்டத்தின் வேலையைத் தோட்டத்துக்குள் செய்ய ஆள் கொண்டுவருகிற காண்ட்ராக்டர் நேரடி முதலாளி. வேலையைக் கொடுத்த தோட்டம் முதன்மை முதலாளி. சந்தாவை முதலில் கட்ட வேண்டிய கடமை முதன்மை முதலாளிக்கே உண்டு. கட்டிவிட்டு அதைக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே “அவர் நம் ஆள் அல்ல” என்று தோட்டம் கைகழுவுவது எளிதல்ல. காண்ட்ராக்டரின் காகிதத்தைச் சரிபார்ப்பது அவருக்குச் செய்யும் உபகாரமும் அல்ல; தோட்டம் தன் கடமையைத் தானே பார்த்துக்கொள்வதாகும்.

வெளிநாட்டுத் தோழர்கள் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் உடல் இயலாமைத் திட்டத்துக்குள்ளும் வந்துவிட்டார்கள். ஆகையால் “அவன் பாஸ்போர்ட்டுக்காரன், அவனுக்கு ஒன்றும் இல்லை” என்று எவரேனும் சொன்னால், அது அறியாமை. அல்லது அறிந்தே சொல்லும் பொய்.

ஒரு மாதத்துச் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். வேலை விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். தற்காலிக ஊனத்துக்கு நாட்கூலிச் சராசரியில் நூற்றுக்கு 80 பங்கு பலன் உண்டு. இந்த மூன்றையும் ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடமாக வைத்திருப்பது நலம்.

ஒரு கணக்குத்தாள் போதும்

“நூறு காகிதத்தின் தேதியை எவன் நினைவில் வைப்பான்?” என்று கிராணித் தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நினைவில் வைக்க வேண்டாம். ஆபீசில் கணினி இருக்கிறது. அதில் எக்செல் என்னும் கணக்குத்தாள் இருக்கிறது. பால் கணக்குக்கும் செக்ரோலுக்கும் அதைத் தினமும் திறக்கிறோம். அதிலேயே இன்னொரு தாள் போட்டால் போதும். அந்த விபத்துக்குப் பின் நாம் போட்ட தாளின் விவரம் இது.

முதலாவது: காண்ட்ராக்டருக்கு ஒரு வரி என்று போடாதீர்கள், காகிதத்துக்கு ஒரு வரி போடுங்கள். ஒரே காண்ட்ராக்டருக்குச் சொக்சோ ஒரு வரி, விபத்துக் காப்புறுதி ஒரு வரி, ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொரு வரி. ஒருவருக்கு ஒரே வரி போட்டால், ஒரு நல்ல காகிதம் மற்ற மூன்று கெட்ட காகிதங்களை மறைத்துவிடும்.

இரண்டாவது: கட்டங்கள். காண்ட்ராக்டர் பெயர், வேலை, காகிதத்தின் வகை, காப்புறுதிக் கம்பெனி, பாலிசி எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, எத்தனை ஆளுக்கு, இன்று காட்டில் எத்தனை ஆள், யார் சரிபார்த்தது, எந்த நாளில். கடைசியாக ‘மீதி நாள்’ என்று ஒரு கட்டம்.

மூன்றாவது: மீதி நாளை நாம் எண்ண வேண்டாம். சமக்குறி போட்டு, முடியும் தேதிக் கட்டத்தைக் காட்டி, கழித்தல் குறி போட்டு, ‘டுடே’ என்று எழுதி, வெறும் அடைப்புக்குறி இரண்டைத் திறந்து மூடினால், கணினி ஒவ்வொரு நாளும் தானே கழித்துச் சொல்லும். 60 நாளுக்குக் குறைந்தால் மஞ்சள், 30 நாளுக்குக் குறைந்தால் ஆரஞ்சு, தேதி தாண்டினால் சிவப்பு என்று வண்ணம் மாறவும் கட்டளை கொடுக்கலாம். காகிதமே கொடுக்காதவரின் வரியும் சிவப்பாகவே இருக்கட்டும். பல ஆபீசுகளில் அந்தக் கட்டத்தை வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள். வெள்ளை கண்ணில் உறுத்தாது, தப்பித்துக்கொள்ளும்.

நான்காவது: தேதியில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது, நாமே விழுந்து எழுந்தோம். சில கணினிகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிலும் நாளைப் பின்னாலும் படிக்கும். நாம் ஜூன் 5 என்று நினைத்து 5/6 என்று அடித்தால், அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/6 என்று அடித்தாலோ, 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். “இது இன்றைய தேதியைவிடப் பெரியதா?” என்று அந்த எழுத்தைப் பற்றிக் கேட்டால், எக்செல் எந்நாளும் “ஆம்” என்றே சொல்லும். அந்தச் சான்றிதழுக்குச் சாவே கிடையாது! கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நாம் ஒன்றும் மாற்றாத கட்டத்தில், உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும்; எழுத்தாகிவிட்ட தேதி இடப்பக்கம் ஒட்டி நிற்கும். மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

ஐந்தாவது: புதுக் காகிதம் வந்ததும் பழைய வரியை அழிக்காதீர்கள். கீழே புது வரி சேருங்கள். மூன்று ஆண்டுக்கு முந்திய விபத்துக்கு வழக்கு வந்தால், அந்த நாளில் எந்தக் காகிதம் உயிரோடு இருந்தது என்று காட்ட அதுவே சாட்சி.

ஆறாவது: தாளின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. கிராணி வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனபின், ரகசியச் சொல் தெரியாமல் திண்டாடும் ஆபீசுகள் உண்டு. இரண்டாமவர் ஒருவருக்கும் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அச்செடுத்து வைக்க வேண்டும்.

கணினி இல்லாத சிறு தோட்டத்துக் கிராணி கலங்க வேண்டாம். கோடு போட்ட நோட்டு ஒன்றில் 12 மாதத்துக்கு 12 பக்கம் ஒதுக்குங்கள். எந்த மாதத்தில் எந்தக் காகிதம் முடிகிறதோ, அதை அதற்கு முந்திய மாதத்துப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் தேதியன்று பக்கத்தைப் புரட்டுங்கள். பழைய காலத்துப் பெரிய கிராணிமார்கள் சீமைக் கணினி இல்லாமலே தோட்டம் நடத்தினார்கள் அல்லவா?

வண்ணத்தை நம்பி ஏமாறாதீர்

தாள் முழுதும் பச்சையாக இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. தேதி சரியாக இருந்தும் காகிதம் உதவாமல் போவதற்கு வழிகள் உண்டு.

சான்றிதழ் என்பது, அது எழுதிய நாளில் பாலிசி இருந்தது என்று சொல்லும் காகிதமே. மறுமாதம் தவணை கட்டாமல் பாலிசி ரத்தாகியிருந்தாலும், சான்றிதழ் பைலில் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே காப்புறுதிக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும். சான்றிதழில் அச்சடித்த எண்ணுக்கு அல்ல; கம்பெனியின் எண்ணை நாமே தேடி எடுத்துக் கேட்க வேண்டும். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வேலையின் பெயர். பாலிசியில் ‘புல் வெட்டுதல்’ என்றிருக்கும். ஆள் நிற்பது மரம் சாய்க்கும் காட்டில். கம்பெனியார் கண்ணாடி போட்டுப் படிப்பது விபத்து நடந்த பிறகுதான். நாம் முன்பே படித்துவிட்டால் என்ன? லாரிக் காப்புறுதியிலும் அப்படித்தான். சரக்கு ஏற்றும் லாரியில் பின்னால் ஆள் ஏற்றிப் போக அந்தப் பாலிசி இடந்தருகிறதா என்று கேட்க வேண்டும். சாலை வரி இருக்கிறது என்பது மட்டும் பதிலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியம் தலை எண்ணிக்கை. சொக்சோ மாதாமாதம் கட்டுவது. ஆகையால் அந்த வரி ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி தானே சிவப்பாக வேண்டும். புது ரசீதும் புதுப் பெயர்ப் பட்டியலும் வந்த பிறகே பச்சையாக வேண்டும். பட்டியலில் 11 பேர். காலைப் பெரட்டில் நிற்பது 15 பேர். அந்த நான்கு பேர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்காத தாள், எவ்வளவு அழகாக வண்ணம் பூசியிருந்தாலும், நம் பழைய பைலுக்குத் தம்பிதான்.

“அவர்கள் தொழிலாளிகள் அல்ல, தாமே வேலை செய்யும் சொந்தத் தொழில்காரர்கள்” என்று சில காண்ட்ராக்டர்கள் புது வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி சொந்தத் தொழில் செய்வோருக்கும் சொக்சோவில் இடம் உண்டு. விவசாயத் துறையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே அப்படிச் சொல்பவரிடம், “நல்லது, ஒவ்வொருவரின் சொந்தச் சந்தா ரசீதையும் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

மறுப்புச் சொல்வாருக்கு

“இத்தனை கெடுபிடி செய்தால் எந்தக் காண்ட்ராக்டர் வருவார்?” என்று நிர்வாகம் கேட்கிறது. சிறு காண்ட்ராக்டர்கள் பலர் நம்மவர்களே; நேற்று வரை பால் வெட்டியவர்கள். அவர்கள் வயிற்றில் அடிக்க நாம் சொல்லவில்லை. 60 நாளுக்கு முன்பே மஞ்சள் வந்துவிடுகிறதே! அன்றே ஒரு போன், முப்பதாம் நாள் ஒரு கடிதம். திடீரென்று வாசலில் நிறுத்துவதைவிட இது அவருக்கும் நல்லதல்லவா? காப்புறுதிக்கு ஆகும் காசைக் கூலி விலையில் சேர்த்துக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதைக் கொடுக்கத் தோட்டத்துக்குக் கடமை உண்டு. மிகக் குறைந்த விலை கேட்கிறவருக்கே வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் சந்தா கட்டவில்லையே என்று பின்னால் வியப்பது நாடகம்.

“எனக்கு இருக்கும் வேலை போதாதா?” என்று கிராணித் தோழர் கேட்கிறார். நம் தோட்டத்துத் தாளில் சுமார் 20 காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் அரைமணி நேரம் ஆகிறது. அந்த அம்மையாரின் முன்னால் தலைகுனிந்து நின்ற நேரம் அதைவிட நீளமாக இருந்தது.

“கணினிதான் சொல்லிவிடுகிறதே” என்பார் இன்னொருவர். கணினி வண்ணத்தைக் காட்டும். கேட்டை மூடாது. சிவப்பான வரியின் ஆள் காட்டுக்குள் போவதைத் தடுக்க மனிதன் வேண்டும். அந்த மனிதனுக்குப் பின்னால் சங்கம் வேண்டும். தனியாக ஒரு கிராணி “இவரை விடாதே” என்று சொன்னால், “உன் வேலையைப் பார்” என்பார்கள். இதனாலேயே இதை ஆபீசு விஷயமாக மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

சங்கம் கேட்க வேண்டியவை

ஒன்று: சிவப்பு வரியில் இருக்கும் காண்ட்ராக்டரின் ஆட்களுக்கு, காகிதம் சரியாகும் வரை பெரட்டில் வேலை ஒதுக்கக் கூடாது. காகிதம் இல்லாதது காண்ட்ராக்டரின் குற்றம். அந்த நாட்களின் கூலியை அவரே கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இல்லையேல் தண்டனை தொழிலாளிக்குத்தான் போய்ச் சேரும்.

இரண்டு: 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். இந்தத் தாள் அந்தக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைமேல் வைக்கப்பட வேண்டும். குழுவில் நம் பிரதிநிதிகள் வாய் திறந்து கேட்க வேண்டும்.

மூன்று: காண்ட்ராக்டரின் பெயரும், அவர் காகிதம் எந்நாள் வரை செல்லும் என்பதும் பெரட்டுக் களத்துப் பலகையில் எழுதப்பட வேண்டும். தொழிலாளரின் அடையாள அட்டை எண்ணும் கூலி விவரமும் அங்கே வரக் கூடாது. பட்டியல் தமிழிலும் மலாயிலும், பிற தோழர்கள் படிக்கும் மொழியிலும் இருக்கட்டும்.

நான்கு: காண்ட்ராக்டர் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றினால், அந்த இன்னொருவரின் காகிதத்துக்கும் அதே விதி.

காட்டில் நிற்கும் தோழருக்கு

காண்ட்ராக்டரிடம் வேலைக்குப் போகும் தோழரே, உம் மகனை அனுப்பும் தாயாரே, மூன்று காரியம் செய்யுங்கள். சேர்ந்த முதல் மாதமே, “என் பெயரைச் சொக்சோவில் பதிந்தாயிற்றா?” என்று கேளுங்கள். பதிலை நம்பி இருந்துவிடாமல், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்தில் நேரே விசாரியுங்கள். சம்பளச் சீட்டில் சொக்சோ என்று பிடித்திருந்து, அங்கே கட்டப்படவில்லை என்றால், அன்றே சங்கக் கிளைக்கு வாருங்கள். நம் கூலியில் பிடித்த காசைக் கட்டாமல் வைத்துக்கொள்வது திருட்டு. அதற்கு வேறு பெயர் இல்லை.

விபத்து நடந்துவிட்டால், “வீட்டில் விழுந்தேன் என்று சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார்கள். சொல்லாதீர்கள். டாக்டரிடம், வேலையில் நடந்தது என்றே சொல்லுங்கள். நேரம், இடம், அருகில் நின்றவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். முதலாளி பதியவில்லை என்பதற்காகத் தொழிலாளியின் வாய் அடைபட்டுவிடாது. நம் தோட்டத்து இளைஞர் பெற்ற பலன் அதற்குச் சாட்சி; ஐந்து மாதம் பிந்தினாலும் சாட்சியே.

அந்த அம்மையார் இப்போதும் சில நாட்களில் ஆபீசுப் பக்கம் வருவார். சுவரில் ஒட்டியிருக்கும் அச்சுத் தாளைப் பார்ப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது, வண்ணம் தெரியும். “தம்பி, இந்தச் செவப்பு யாருது?” என்று கேட்பார். அவர் கேட்டபின் நாம் அந்தக் காண்ட்ராக்டருக்குப் போன் போடாமல் இருந்ததில்லை.

ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி ஒருவர் கேட்க வேண்டும். கிராணி கேட்கட்டும்; கங்காணி கேட்கட்டும்; பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தொழிலாளி கேட்கட்டும். நம் பிள்ளைகள் காட்டுக்குள் போகுமுன் கேட்கட்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவு.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!